மண்ணீரலில் கட்டி என்றால் மண்ணீரலையே எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி இதுதான்: "என் தங்கைக்கு வயது 26, ஊர் தக்கலை பக்கம். சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று சொன்னதால் ஸ்கேன் எடுத்தோம். மண்ணீரலின் மேல்பகுதியில் 8 செ.மீ. நீர்க்கட்டி என்று வந்தது. சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையும் 140 என்று கூடுதலாக இருக்கிறது. ஒரு டாக்டர் மண்ணீரலை மொத்தமாக எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் திருவனந்தபுரம் போய்க் காட்டுங்கள் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர், ஊசி போட்டுத் தண்ணீரை உறிஞ்சினால் போதுமே என்கிறார். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. இது கேன்சரா? மண்ணீரல் இல்லாமல் வாழ முடியுமா? நான் சவூதியில் இருக்கிறேன், அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்கள்."

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் இது கேன்சராக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. மண்ணீரல் இல்லாமல் வாழ முடியுமா என்றால், முடியும். ஆனால் உங்கள் தங்கை அதை முழுதாக இழந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டி மேல்பகுதியில்தான் இருக்கிறது என்றால், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மீதி மண்ணீரலைக் காப்பாற்ற முடியுமா என்பதை டாக்டரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஊசி போடும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சிஏ 19-9 விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கணையம், பித்தநாளம் ஆகியவற்றின் புற்றுநோயில் கூடும் பொருள் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது சரிதான். ஆனால் மண்ணீரலில் பிறவியிலேயே உருவாகும் ஒருவகை நீர்க்கட்டியின் உள்தோலே இந்தப் பொருளைச் சுரக்கும். கட்டிக்குள் இருக்கும் நீரில் அது மிக அதிகமாக இருக்கும், கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். வழக்கமான உச்ச அளவு 37. இந்த நீர்க்கட்டிக்காரர்களுக்கு அது பல மடங்கு ஏறியிருந்து, கட்டியை எடுத்த பிறகு தானாக இறங்கிவிடுவது மருத்துவத்தில் நன்றாகப் பதிவான ஒன்று. ஆகவே 140 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கேன்சர் என்று முடிவு கட்டக் கூடாது. பித்தநாளத்தில் அடைப்பு இருந்தாலும் இது கூடும் என்பதால், கல்லீரல் பரிசோதனையைச் செய்து, சிடி ஸ்கேன் படத்தில் கணையத்தையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால் போதும்.

கணையத்தைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. கணையத்தின் வால்நுனி மண்ணீரலின் வாசலை, அதாவது ரத்தக்குழாய்கள் உள்ளே நுழையும் இடத்தை, ஏறக்குறைய தொட்டபடிதான் கிடக்கும். அந்த வாலிலிருந்து கிளம்பும் ஒருவகை சளி நீர்க்கட்டி பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது. நாளடைவில் புற்றாக மாறக்கூடியது. சாதாரண ஸ்கேனில் அது மண்ணீரல் நீர்க்கட்டி போலவே தெரியும். இடது சிறுநீரகத்தின் மேல்முனை, அட்ரீனல் சுரப்பி, இரைப்பையின் பின்சுவர் எல்லாமே அந்த மூலையில்தான் நெருங்கி இருக்கின்றன. அதனால் என்ன கட்டி என்று கேட்பதற்கு முன்பாக, எந்த உறுப்பிலிருந்து வந்த கட்டி என்று கேட்க வேண்டும். மருந்து செலுத்தி எடுத்த சிடி படத்தில், கட்டியைச் சுற்றி மண்ணீரல் சதை உதடு போலப் பிளந்து அணைத்திருந்தால் அது மண்ணீரலுடையது. மண்ணீரலை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டு நின்றால் வேறு இடத்தைத் தேட வேண்டும். ரிப்போர்ட் தாளை மட்டும் வாசித்து இதைத் தீர்மானிக்க முடியாது. படத்தையே ஒரு ரேடியாலஜிஸ்ட்டும் ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இனி மண்ணீரல். இடது பக்கம் 9, 10, 11-ஆம் விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், சுமார் 150 கிராம் எடையுள்ள, ரத்தத்தில் ஊறிய மென்மையான உறுப்பு. வயதான சிவப்பணுக்களைப் பிடித்து அழிக்கிறது. உடம்பில் உள்ள பிளேட்லெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், நியூமோகாக்கஸ் போன்ற, மேலே ஒரு வழவழப்பான உறை கொண்ட கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் வேலை. அந்த வேலையை உடம்பில் வேறு எந்த உறுப்பும் இதே திறமையோடு செய்வதில்லை.

மண்ணீரல் நீர்க்கட்டிகளை மூன்றாகப் பிரித்து யோசிப்போம். முதலாவது, நான் மேலே சொன்ன பிறவி வகை. உள்ளே தோல் போன்ற ஒரு படலம் இருக்கும். இளம்வயதில், கூடுதலாகப் பெண்களிடம், தற்செயலாக அகப்படும். உங்கள் தங்கையின் வயதும் அந்த 140-ம் இந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. இரண்டாவது, அடிபட்டதால் வருவது. மண்ணீரலுக்குள் கசிந்த ரத்தம் கரைந்து, வருடங்கள் கழித்து நீர்ப்பையாக நின்றுவிடும். அதற்கு உள்தோல் கிடையாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பனையேற்றும் தென்னையேற்றும் இன்னும் தொழிலாக இருக்கின்றன, மலையோரச் சாலைகளில் பைக் விபத்துக்கும் குறைவில்லை. "எப்பவாவது இடது பக்கம் விழுந்து அடிபட்டிருக்கா?" என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், பள்ளிக்கூட நாளில் மரத்திலிருந்து விழுந்த கதை வரும். தங்கையிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, நாய் வயிற்றில் வாழும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவால் வருவது. நாயின் மலத்தில் உள்ள முட்டை, கழுவாத கை வழியாகவோ காய்கறி வழியாகவோ நம் வயிற்றுக்குள் போய், பெரும்பாலும் கல்லீரலிலோ நுரையீரலிலோ கட்டியாகிறது. மண்ணீரலில் வருவது அபூர்வம், ஆனாலும் வரும். ஆடு மேய்க்கும் இடங்களிலும் நாய் அதிகமுள்ள இடங்களிலும் இதை மறக்கக் கூடாது. பெரிய கட்டிக்குள் குட்டிக் கட்டிகள், உரிந்து மிதக்கும் படலம், ஓட்டில் சுண்ணாம்புப் படிவு ஆகியவை சிடி-யில் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை உண்டு. அது நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

ஊசி வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் இந்தப் புழுதான். எதுவும் தெரியாமல் அதைக் குத்தி, உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் சிந்தினால், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். புழுவின் தலைகள் வயிறெங்கும் விதைபோலப் பரவி, பல வருடம் கழித்துப் பல கட்டிகளாக எழும்பலாம். ஆல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை கொடுத்துத் தயார்ப்படுத்திய பிறகு, தெரிந்தவர்கள் செய்யும் முறை வேறு. இரண்டாவது காரணம், இது பிறவி நீர்க்கட்டியாகவே இருந்தாலும் உறிஞ்சுவதால் பயன் நிலைக்காது. நீரைச் சுரக்கும் உள்தோல் அங்கேயே இருப்பதால் சில மாதங்களில் மறுபடி நிரம்பிவிடும், இடையில் சீழும் பிடிக்கலாம். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சில பெண்களுக்கு ஓரிடத்தில் பலூன் போல வீங்கியிருக்கும். சாதாரண ஸ்கேனில் அதுவும் உருண்டையான நீர்க்கட்டிபோல்தான் தோன்றும். அதைக் குத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேன் வைத்தால் உள்ளே ரத்தம் சுழல்வது உடனே தெரிந்துவிடும், ஆகவே அந்த மூலையில் எந்த உருண்டையைப் பார்த்தாலும் டாப்ளர் இல்லாமல் ஊசி எடுக்கக் கூடாது. இந்தத் தமனி வீக்கம் கர்ப்ப காலத்தில் வெடித்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகும் அபாயம் உண்டு. அதனால் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு அதன் அளவைப் பாராமல் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு 2-3 செ.மீ. தாண்டினால். பெரும்பாலும் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கம்பிச்சுருள் வைத்தே அடைத்துவிடலாம்.

நீர் இல்லாத, சதைப்பிடிப்பான கட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அந்த ரிப்போர்ட் கையில் இருக்கலாம். மண்ணீரலில் வரும் தீங்கற்ற சதைக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஹீமாஞ்சியோமா, ரத்தக் குழாய்களின் முடிச்சு. பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியது, ஆயுளுக்கும் தொந்தரவு தராமல் கிடக்கும். மிகப் பெரிதாகி வளர்ந்தால்தான் வெடிக்கும் பயமும் பிளேட்லெட் குறையும் சிக்கலும். நிணநீர்க் குழாய்களிலிருந்து வரும் லிம்பாஞ்சியோமா கூடுதலாகக் குழந்தைகளில் காணப்படும். பல அறைகள் கொண்ட நீர்க்கட்டிபோல் தோன்றும். ஹமார்ட்டோமா என்பது மண்ணீரலின் சொந்தச் சதையே ஒழுங்கு மாறி உருண்டு நிற்பது.

இவற்றை விட அபூர்வமான இரண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தேவையில்லாத பீதியும் தேவையான கவனமும் இங்கேதான் கலந்து கிடக்கின்றன. ஒன்று, லிட்டோரல் செல் ஆஞ்சியோமா. மண்ணீரலில் மட்டுமே உள்ள ஒருவகைச் செல்களிலிருந்து வருவது. 1991-ல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது. மண்ணீரல் வீங்கி, உள்ளே பல முடிச்சுகள் தெரியும். ரத்தசோகையும் பிளேட்லெட் குறைவும் கூட வரலாம். தன்னளவில் பெரும்பாலும் சாதுவானதுதான். ஆனால் இது வந்த சிலருக்கு உடம்பில் வேறு இடத்தில், உதாரணமாகப் பெருங்குடலில், புற்றுநோய் இருந்திருக்கிறது. அதனால் பயாப்ஸியில் இந்தப் பெயர் வந்தால் வேலை முடிந்தது என்று போய்விடாமல், மற்ற உறுப்புகளையும் பார்த்து, சில வருடம் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மற்றது, 2004-ல் பெயரிடப்பட்ட ஒரு கட்டி. சுருக்கமாகச் சாண்ட் என்பார்கள். நடுவயதுப் பெண்களிடம் கூடுதலாக வரும், தனி உருண்டை. நடுவில் தழும்புபோல் நார், அதிலிருந்து ஓரத்துக்குக் கோடுகள் ஓடுவதால் மருந்து செலுத்திய படத்தில் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல் தெரியும். எம்ஆர்ஐ-யில் கருமையாகத் தோன்றுவது இன்னொரு அடையாளம். மண்ணீரலை, அல்லது கட்டியிருக்கும் பகுதியை, எடுத்துவிட்டால் நோய் முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், கேன்சரைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனில் இது பளிச்சென்று ஒளிரும். அழற்சிக் கட்டி, டிபி, சார்காய்டு என்ற அழற்சி நோய் ஆகியவையும் அப்படியே ஒளிரும். பெட் ஸ்கேனில் ஒளிர்ந்ததாலேயே கேன்சர் என்று வீட்டில் ஒப்பாரி வைத்த குடும்பங்கள் உண்டு. மண்ணீரலைப் பொறுத்தவரை அந்த ஒளி தனியாக எதையும் நிரூபிப்பதில்லை.

கேன்சர் என்று நாங்கள் நிஜமாகவே கவலைப்படுவது எப்போது? சில வாரங்களுக்குள் வேகமாக வளர்ந்தால், எடை குறைந்தால், இரவில் உடல் நனையும்படி வியர்த்தால், கழுத்திலோ வயிற்றிலோ நெறிகட்டினால், ரத்தத்தில் எல்டிஹெச் என்ற நொதி மிகவும் கூடினால், வேறு இடத்தில் ஏற்கெனவே கேன்சர் இருந்தால். மண்ணீரலில் வரும் புற்றுகளில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுதான் முக்கியம். ரத்தக் குழாயில் தொடங்கும் ஆஞ்சியோசார்கோமா மிக அரிது, ஆனால் மிகக் கொடியது.

காய்ச்சலோடு மண்ணீரலில் புள்ளிபுள்ளியாகக் கட்டிகள் தெரிந்தால் கதையே வேறு. நம் நாட்டில் டிபி முதலில் நினைவுக்கு வர வேண்டும், வரவும் செய்கிறது. நம் பக்கத்தில் அதோடு மெலியாய்டோசிஸையும் நினைக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. தென்னிந்தியக் கடலோர மாவட்டங்களில் மழைக்காலத்தை ஒட்டித் தலைகாட்டும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேன்கூடு போல அறை அறையாகச் சீழ்க்கட்டிகள் இருக்கும். டிபி என்று நினைத்து மாத்திரை கொடுத்தால் கேட்காது. ரத்தத்தையும் சீழையும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் பிடிபடும், அனுப்பும்போதே லேபில் சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். முதலில் குறைந்தது இரண்டு வாரம் ஊசிமருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. இங்கே கத்திக்கு வேலை குறைவு, மருந்துக்குத்தான் வேலை.

உங்கள் தங்கைக்கு இதெல்லாம் பொருந்தவில்லை. காய்ச்சல் இருப்பதாகவோ எடை குறைந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை, கட்டி ஒற்றை நீர்ப்பை. மருந்து செலுத்திய சிடி ஒன்று, தெளிவு போதாவிட்டால் எம்ஆர்ஐ, எக்கினோகாக்கஸ் ரத்தப் பரிசோதனை, வழக்கமான ரத்த எண்ணிக்கை, இவ்வளவு போதும். பயாப்ஸி அவளுக்குத் தேவையில்லை. பயாப்ஸியே ஆகாது என்று சொல்லமாட்டேன். லிம்போமா சந்தேகம் இருக்கும்போது மெல்லிய ஊசியில், ஸ்கேன் பார்த்து எடுத்தால் பெரிய ரத்தக்கசிவு நூற்றில் ஓரிருவருக்குத்தான் வருகிறது, அதனால் ஒரு ஆபரேஷனே மிச்சமாகலாம். ஆனால் நீர்க்கட்டிக்கு அந்த வழி வேண்டாம்.

சரி, ஆபரேஷன் தேவையா? 5 செ.மீ. தாண்டினால் எடுத்துவிடு என்பது பழைய விதி. இப்போது தொந்தரவே இல்லாத, வளராத நீர்க்கட்டியை 5 செ.மீ. தாண்டினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள், நானும்தான். உங்கள் தங்கையின் நிலை அப்படி இல்லை. வயிறு நிறைகிறது, விலாவில் கனம் இருக்கிறது; அதாவது கட்டி இரைப்பையை அழுத்துகிறது. 8 செ.மீ. உள்ளது. நாளை கர்ப்பமானால் வயிற்றுக்குள் இடம் குறையும். அப்போது கட்டி வெடித்தாலோ ரத்தம் கசிந்தாலோ கையாள்வது கஷ்டம். நிதானமாக, திட்டமிட்டு, இப்போதே முடித்துக்கொள்வது நல்லது என்றே சொல்வேன்.

எதைச் செய்வது என்பதில்தான் தங்கையின் வருங்காலம் இருக்கிறது. ஒரு காலத்தில் மண்ணீரலில் எது வந்தாலும் முழுதாக எடுத்தார்கள், அது வேண்டாத உறுப்பு என்ற நினைப்பில். 1952-ல் கிங், ஷூமாக்கர் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மின்னல் வேகத்தில் ரத்தத்தில் கிருமி பரவியதைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த உறுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. பகுதி மட்டும் எடுப்பது சாத்தியமாவதற்குக் காரணம் மண்ணீரலின் ரத்த ஓட்டம். உள்ளே நுழையும் முன்பே தமனி கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஏறக்குறைய தன் பகுதிக்கு மட்டும் ரத்தம் கொடுக்கிறது. மேல்பகுதிக்குப் போகும் கிளைகளை மட்டும் கட்டினால் அந்தப் பகுதி மட்டும் சில நிமிடங்களில் கறுத்துவிடும். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே வயல் வரப்பு போல ஒரு கோடு தானாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து கறுத்த பக்கமாக ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் ரத்தக்கசிவு கட்டுக்குள் இருக்கும்.

மீதி வைக்கும் துண்டு, முழு மண்ணீரலில் கால் பங்காவது இருக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் கிருமிகளை வடிகட்டும் வேலை பெருமளவு நடக்கும். மிஞ்சிய துண்டு தளர்ந்து ஆடினால் முறுக்கிக்கொள்ளலாம், அதனால் பக்கத்தில் தைத்து நிறுத்துவார்கள். கட்டி மேல்முனையிலோ கீழ்முனையிலோ இருந்தால் இந்த ஆபரேஷன் அழகாக நடக்கும். வாசலை ஒட்டி, எல்லாக் கிளைகளும் நுழையும் இடத்தில் கட்டி உட்கார்ந்திருந்தால் முழுதாக எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகலாம். ஆகவே டாக்டரிடம், "கட்டிக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம், மீதி எவ்வளவு மிஞ்சும்?" என்று கேளுங்கள்.

இன்னொரு முறையும் உண்டு. கட்டியின் வெளிச்சுவரை மட்டும் வெட்டித் திறந்துவிட்டு வந்துவிடுவது. ஆபரேஷன் சுலபம், ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் பிறவி நீர்க்கட்டியில் உள்தோலின் ஒரு பகுதி மண்ணீரலோடு ஒட்டி மிஞ்சிவிடுவதால் மறுபடி வருவது மிகவும் சகஜம். அடிபட்டு வந்த கட்டிக்கு இது ஒத்துவரும். உங்கள் தங்கைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இவை எல்லாவற்றையும் லேப்ராஸ்கோப்பியிலேயே செய்யலாம். வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மூன்று அல்லது நான்கு சிறிய துளைகள் போட்டு. மண்ணீரல் லேப்ராஸ்கோப்பி 1991 முதல் நடக்கிறது. இன்று அதுவே வழக்கமான முறை. நடுவில் ரத்தம் கட்டுப்படாவிட்டால் வயிற்றைத் திறப்பார்கள், சில நேரம் முழு மண்ணீரலையும் எடுத்தே ஆக வேண்டியும் வரலாம். கையெழுத்துப் போடும் முன்பே இதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், அது தோல்வி கிடையாது. முழு மண்ணீரலையும் வெளியே கொண்டுவரும்போது, சாதாரணமாக ஒரு பைக்குள் போட்டு உள்ளேயே நசுக்கிச் சிறுதுளை வழியாக எடுப்பார்கள். கட்டி என்னவென்று உறுதியாகத் தெரியாத கேஸில் அப்படிச் செய்யக் கூடாது. நசுங்கிய கூழில், திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜிஸ்ட் எதைப் பார்ப்பார்? கொஞ்சம் பெரிய கீறல் போட்டு முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். கட்டியின் துண்டுகளைப் பதித்து லேபில் எடுத்துவைக்கும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அபூர்வக் கட்டி என்றால் சிறப்புச் சாயப் பரிசோதனைக்கு வேறு ஊருக்கு அனுப்ப வேண்டி வரும்.

சிலருக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் துணை மண்ணீரல் ஒன்று இருக்கும், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. ரத்த நோய்களுக்காக ஆபரேஷன் செய்யும்போது அதையும் தேடி எடுப்பார்கள். தங்கையின் விஷயத்தில் அதை விட்டுவைக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு விஷயங்களைக் கவனிப்போம். கணைய வாலில் உரசல் ஏற்பட்டிருந்தால் கணையநீர் கசியும். டிரெயின் குழாயில் வரும் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தால் தெரியும். அப்புறம், வீட்டுக்குப் போன ஒன்றிரண்டு வாரத்துக்குள் காரணமில்லாத வயிற்றுவலியும் லேசான காய்ச்சலும் வந்தால், கல்லீரலுக்குப் போகும் ரத்தநாளத்தில் உறைவு இருக்கிறதா என்று டாப்ளர் பார்க்க வேண்டும். முழுதாக எடுத்தவர்களுக்கு பிளேட்லெட் 10 லட்சம் வரைகூட ஏறும். டாக்டர் அதைக் கவனித்து, தேவைப்பட்டால் ஆஸ்பிரின் கொடுப்பார்.

தடுப்பூசியைப் பற்றி நான் குரலை உயர்த்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இது தவறிப்போகிறது. பகுதிதான் எடுக்கப்போகிறோம் என்று திட்டமிட்டாலும், முழுதாக எடுக்க வேண்டி வந்துவிடலாம் என்பதால், ஆபரேஷனுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி) ஆகிய மூன்று கிருமிகளுக்கும் ஊசி போட்டுவிட வேண்டும். நியூமோகாக்கஸுக்கு முதலில் கான்ஜுகேட் என்ற வகை ஊசி, 8 வாரம் கழித்து 23 வகைக் கிருமிகளுக்கான ஊசி, அது 5 வருடத்தில் ஒருமுறை மறுபடி. மெனிங்கோகாக்கஸ் இரண்டு டோஸ், இதற்கும் 5 வருடத்துக்கு ஒருமுறை பூஸ்டர். வருடாவருடம் ஃப்ளூ ஊசி. விபத்தில் அவசரமாக எடுத்தவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து 14 நாளில் தொடங்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் இது எழுதப்படாமல் வீட்டுக்கு வந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எத்தனையோ வருடம் ஆகிவிட்டிருந்தாலும் இப்போது போட்டுக்கொள்ளலாம்.

முழு மண்ணீரலும் போனவர்களில் வாழ்நாளில் நூற்றில் ஐந்து பேருக்கு வரை அந்த மின்னல்வேகக் கிருமித்தொற்று வரலாம் என்கிறார்கள், வந்தால் பாதிப்பேர் பிழைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் ஆபத்து கூடுதல், ஆனால் ஆயுள் முழுக்க இருக்கும். காய்ச்சலும் குளிர்நடுக்கமும் என்று தொடங்கி ஒரே நாளில் முடிந்துவிடும். அதனால் மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் என்றால், கஷாயம் குடித்துக் காலைவரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. டாக்டர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை உடனே விழுங்கிவிட்டு, நேராக ஆஸ்பத்திரி. தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் தங்கலுக்குப் போகும் மீனவர்களில் யாருக்காவது மண்ணீரல் எடுக்கப்பட்டிருந்தால், கரைக்கு வந்து சேரவே நாட்களாகும். அவர்கள் அந்த மாத்திரை இல்லாமல் படகு ஏறவே கூடாது, கூடப் போகிறவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நாய் கடித்தாலும் வெறிநாய் ஊசியோடு நிறுத்தாமல் ஆன்டிபயாட்டிக்கும் கேட்க வேண்டும். நாயின் வாயில் உள்ள ஒரு கிருமி, மண்ணீரல் இல்லாதவர்களுக்குக் குறிப்பாக எமனாகிறது. ஆப்பிரிக்கா போன்ற மலேரியா உள்ள பகுதிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தடுப்பு மாத்திரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு 5 வயது வரையாவது தினமும் பெனிசிலின்.

எங்கே செய்வது என்ற குழப்பமும் உங்களுக்கு இருக்கிறது. எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சோமர்வெல் 1920-களில் நெய்யூரில் வந்து தங்கி ஆபரேஷன் செய்த மாவட்டம் இது. நம் ஊரில் கத்தி எடுக்கும் கைக்குப் பஞ்சமில்லை. மண்ணீரலை முழுதாக எடுப்பது நாகர்கோவிலிலேயே நடக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முதலில் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம். ஆனால் பகுதி மட்டும் எடுப்பதை அடிக்கடி செய்யும் குழு இருக்கும் இடமா, ரத்த வங்கி அருகில் இருக்கிறதா, தமனியைக் கம்பிச்சுருளால் அடைக்கும் வசதி உண்டா என்பவைதான் ஊரின் பெயரைவிட முக்கியம். திருவனந்தபுரம் போகச் சொன்ன டாக்டரின் மனதில் அதுதான் இருந்திருக்கும். தக்கலையிலிருந்து பெரிய தூரமும் இல்லை. மாநில எல்லை தாண்டினால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று போவதற்கு முன்பே கவுண்டரில் விசாரித்துவிடுங்கள். தடுப்பூசிச் செலவு பாக்கேஜில் சேருமா என்பதையும் தனியாகக் கேளுங்கள், அது சில ஆயிரங்கள் ஆகும்.

கல்யாணத்தைப் பற்றி. எல்லாம் நல்லபடியாக நடந்தால் நான்கைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள், ஒரு மாதத்தில் வழக்கமான வேலைகளைச் செய்வாள். பிள்ளைப்பேற்றுக்கு இந்த ஆபரேஷன் தடை இல்லை. கர்ப்பத்தை மட்டும் சில மாதம் தள்ளிப்போட்டு, ஒரு ஸ்கேனில் மிஞ்சிய மண்ணீரலில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதையும் சிஏ 19-9 இறங்கியதையும் பார்த்துவிட்டால் நிம்மதி. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தீங்கற்ற நீர்க்கட்டி, எடுத்தாகிவிட்டது என்று பயாப்ஸி ரிப்போர்ட்டைக் காட்டியே சொல்லலாம். முழு மண்ணீரலும் எடுக்கப்பட்டிருந்தால் கணவனுக்கு அந்தக் காய்ச்சல் விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, மருந்து செலுத்திய சிடி ஸ்கேனை எடுத்து, அந்த இடத்திலேயே ரிப்போர்ட் தாளோடு முழுப் படங்களையும் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ வாங்குவது. படங்கள் கிடைத்ததும் எழுதுங்கள், கட்டி வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.